கறுப்புத் திரையோடு பழகலாம்: ஆய்வாளர்களின் லினக்ஸ் கேள்விகள்

ஆய்வுப் பணிக்காக லினக்ஸ் கற்கத் தொடங்கியிருக்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு, ஆய்வு நிறுவனம் ஒன்றின் கணினி மைய நிர்வாகி பதிலளிக்கிறார்.

பதில்களுக்கு முன் ஒரு விஷயம். கட்டளைகளை வாயால் எப்படிச் சொல்வோமோ அப்படியே தமிழில் எழுதியிருக்கிறேன். விசைப்பலகையில் தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். 'பெரிய எழுத்து' என்று நான் சொல்லும் இடத்தில் மட்டும் பெரிய எழுத்து. லினக்ஸுக்குச் சிறியதும் பெரியதும் வேறு வேறு.

கேள்வி: தாவரவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். மரபணு வரிசைகளைத் துறையின் பெரிய கணினியில் ஓட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டார் நெறியாளர். உள்ளே நுழைந்தால் கறுப்புத் திரையும் துடிக்கிற ஒரு கோடும்தான். இதுவரை விண்டோஸைத் தவிர எதையும் தொட்டதில்லை. எங்கிருந்து தொடங்குவது மேடம்?
— ஓர் ஆய்வு மாணவி

உங்கள் வரிசைக் கோப்பிலிருந்தே தொடங்குங்கள். கட்டளைப் பட்டியலை அச்சடித்து வைத்து மனப்பாடம் செய்கிறவர்கள் பெரும்பாலும் பாதியில் விட்டுவிடுகிறார்கள். தன் தரவில் ஏதாவது ஒரு விடையைத் தேடி உட்காருகிறவர்கள் விடுவதில்லை. எங்கள் மையத்துக்குப் புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் நான் முதலில் கேட்பது, "உங்கள் தரவிடம் இன்று என்ன கேட்க வேண்டும்?" என்பதுதான்.

உள்ளே நுழைந்ததும் 'பிடபிள்யூடி' என்று தட்டி என்டர் அழுத்துங்கள். நீங்கள் நிற்கும் ஃபோல்டரின் முழு முகவரி வரும். 'எல்எஸ்' அங்கே என்னென்ன இருக்கிறது என்று காட்டும். 'சிடி' இன்னொரு ஃபோல்டருக்குக் கூட்டிப்போகும். புதியவர்களுக்கு வரும் குழப்பத்தில் பெரும்பகுதி, தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று தெரியாததால் வருவது. சந்தேகம் வந்தால் பிடபிள்யூடி. கொஞ்ச நாளில் கை தானாகவே தட்டும்.

அடுத்து, கோப்பைத் திறக்காமலே எட்டிப் பாருங்கள். 'ஹெட்' முதல் பத்து வரிகளைக் காட்டும். 'லெஸ்' பக்கம் பக்கமாகக் காட்டும். வெளியே வர 'கியூ' எழுத்து. பல ஜிபி அளவுள்ள கோப்பைக்கூட லெஸ் உடனே காட்டும். முழுவதையும் நினைவகத்தில் ஏற்றாமல், தேவைப்படும் பகுதியை மட்டும் படிப்பதால்தான் அது முடிகிறது.

இப்போது முதல் கேள்வி: இந்தக் கோப்பில் எத்தனை வரிசைகள் இருக்கின்றன? மரபணு வரிசைகளை எழுதி வைக்கும் ஃபாஸ்டா வடிவக் கோப்பில் ஒவ்வொரு வரிசையின் தலைப்பும் > என்ற குறியோடு தொடங்கும். ஆகவே, அந்தக் குறி உள்ள வரிகளை எண்ணினால் போதும். வரிகளைத் தேடும் கட்டளை 'கிரெப்'. அதைத் தட்டி, மைனஸ் 'சி' (கட்டளைக்குப் பின் மைனஸோடு வரும் இப்படிப்பட்ட எழுத்தைத் 'தேர்வு' என்பார்கள்), பிறகு ஒற்றை மேற்கோளுக்குள் '>', பிறகு கோப்பின் பெயர். எண்ணிக்கை வந்துவிடும்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அந்த மேற்கோள் குறிகளை விட்டுவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? மேற்கோள் இல்லாத > என்ற குறிக்கு, 'வரும் விடையை இந்தக் கோப்பில் எழுது' என்று பொருள். கிரெப் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே, உங்கள் கட்டளையைப் படிக்கும் 'பாஷ்' என்ற நிரல் அந்தக் கோப்பைத் திறந்து காலி செய்துவிடும். மாதக்கணக்கில் சேர்த்த வரிசைகள் பூஜ்யம் பைட் ஆகிவிடும். காலி செய்யும் முன் எந்த எச்சரிக்கையும் வராது. எனவே, இந்தப் பயிற்சியை நகலில் செய்யுங்கள். 'சிபி' கட்டளை நகல் எடுத்துத் தரும். மூலக் கோப்பைத் தொடவே வேண்டாம்.

இதன் பிறகு | என்ற நெடுங்கோடு. இதைப் 'பைப்' என்பார்கள். ஒரு கட்டளையின் விடையை அடுத்த கட்டளைக்கு ஊட்டிவிடும். பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் உருவான காலத்தில், டக்ளஸ் மெக்கில்ராய் இப்படி ஒன்று வேண்டும் என்று வற்புறுத்தி வந்தார். 1973இல் கென் தாம்சன் அதைச் செய்து கொடுத்தார். இன்றும் ஆய்வுக் கணினியில் தினமும் கைகொடுப்பது அதுதான். களத்தில் எடுத்த அட்டவணையின் மூன்றாம் நெடுவரிசையில் தாவர இனத்தின் பெயர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 'கட்' அந்த நெடுவரிசையை மட்டும் பிரிக்கும், 'சார்ட்' அகரவரிசையில் அடுக்கும், 'யூனிக்' மைனஸ் சி ஒரே பெயர்களைச் சேர்த்து எண்ணும். மூன்றையும் பைப்பால் இணைத்தால் எந்த இனம் எத்தனை முறை என்ற பட்டியல் ஒரே வரியில் கிடைக்கும். ஒரே இனத்தின் பெயரை இரண்டு விதமாக எழுதியிருந்தால் அதுவும் அந்தப் பட்டியலில் பளிச்சென்று தெரிந்துவிடும். தரவில் இருக்கும் எழுத்துப் பிழைகளைப் பிடிக்க இதைவிட எளிய வழியை நான் பார்த்ததில்லை.

டேப் விசை பெயரைத் தானே நிரப்பித் தரும். மேல் அம்பு பழைய கட்டளையைக் கொண்டுவரும். கன்ட்ரோலும் சியும் சேர்த்து அழுத்தினால் ஓடுவது நின்றுவிடும். 'மேன்' என்று தட்டிக் கட்டளையின் பெயரைப் போட்டால் அதற்கான கையேடு திறக்கும். முதல் வாரத்துக்கு இவ்வளவு போதும்.

கேள்வி: உபுண்டு, டெபியன், ஃபெடோரா, ராக்கி என்று ஏகப்பட்ட லினக்ஸ் வகைகள் இருக்கின்றனவே, எதைப் போடுவது?
— இயற்பியல் முதுகலை மாணவர்

உங்கள் மையத்தின் பெரிய கணினியில் எது இருக்கிறதோ, அதே குடும்பத்தைச் சேர்ந்ததைப் போடுங்கள். தெரியாவிட்டால் உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும். ஐந்து ஆண்டுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். உங்கள் ஆய்வுக் காலத்துக்கு அது போதும்.

பல மையங்களில் முன்பு சென்ட்ஓஎஸ் இருந்தது. அதன் 7ஆம் பதிப்புக்கான ஆதரவு 2024 ஜூன் 30 அன்று முடிந்துவிட்டது. பல இடங்களில் ராக்கி லினக்ஸுக்கும் அல்மா லினக்ஸுக்கும் மாறியிருக்கிறார்கள். மென்பொருளை நிறுவும் கட்டளை குடும்பத்துக்குக் குடும்பம் மாறும்: உபுண்டுவில் 'ஆப்ட்', ராக்கியில் 'டிஎன்எஃப்'. நாம் அன்றாடம் புழங்கும் எல்எஸ், கிரெப், பைப் எல்லாம் எங்கும் ஒன்றுதான். எதைப் போடுவது என்ற யோசனையிலேயே நாளை ஓட்டாதீர்கள்.

கேள்வி: விண்டோஸை அழித்துவிட்டுத்தான் லினக்ஸ் போட வேண்டுமா? மடிக்கணினி ஒன்றுதான் இருக்கிறது.
— இளநிலை ஆய்வாளர்

வேண்டவே வேண்டாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும், உள்ளேயே லினக்ஸை ஓட்டும் 'டபிள்யூஎஸ்எல்' என்ற வசதி இருக்கிறது. விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லை நிர்வாகி உரிமையோடு திறந்து, டபிள்யூஎஸ்எல் என்று தட்டி, இடைவெளி விட்டு, இரண்டு மைனஸ் குறிகளை அடுத்து 'இன்ஸ்டால்' என்று கொடுங்கள். கணினியை ஒருமுறை அணைத்து இயக்கினால் உபுண்டு தயாராக இருக்கும். டெர்மினல் என்கிற அந்தக் கறுப்புத் திரையோடு பழக அது தாராளம்.

கேள்வி: தற்காலிகக் கோப்புகளை அழிக்கப்போய் ஃபோல்டரில் இருந்த எல்லாமே போய்விட்டது. மீட்க முடியுமா?
— பெயர் வேண்டாம்

எந்த இடத்தில் அழிந்தது என்பதைப் பொறுத்தது. இந்த வரியைப் படித்ததும் உங்கள் நிர்வாகிக்கு எழுதுங்கள். சில மையங்களில் உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் 'ஹோம்' பகுதியை அவ்வப்போது படமெடுத்து வைத்திருப்பார்கள், ஸ்னாப்ஷாட் என்பார்கள். பழைய படங்கள் குறிப்பிட்ட நாட்களில் நீங்கிவிடும் என்பதால் தாமதம் கூடாது. தற்காலிக வேலைக்கான 'ஸ்க்ராட்ச்' பகுதியில் அழிந்திருந்தால் பெரும்பாலும் நம்பிக்கை இல்லை. அங்கே காப்பு நகல் எடுப்பது வழக்கமில்லை. அழிக்கும் கட்டளையான 'ஆர்எம்' அழித்தது குப்பைத் தொட்டிக்குப் போவதில்லை.

உங்கள் கடிதத்தில் இருந்த கட்டளையைப் பார்த்தேன். நட்சத்திரக் குறிக்கும் '.டிஎம்பி' என்ற பின்னொட்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி விழுந்திருக்கிறது. இடைவெளி இல்லாமல் இருந்தால் 'டிஎம்பியில் முடியும் கோப்புகளை அழி' என்று பொருள். இடைவெளி விழுந்ததும் அது இரண்டு உத்தரவாகிவிட்டது: 'எல்லாவற்றையும் அழி; பிறகு .டிஎம்பி என்ற பெயருள்ள ஒன்றையும் அழி.' இது கவனக்குறைவான ஆட்களுக்கு மட்டும் நடப்பது அல்ல. ஒரு விரல் தப்பினால் யாருக்கும் நடக்கும். அதனால் மனதைப் போட்டு வதைத்துக்கொள்ளாதீர்கள்.

இனிமேல் ஆர்எம் தட்டும் முன், நட்சத்திரக் குறியோடு கொடுக்கவிருக்கும் அதே பகுதியை எல்எஸ்ஸுக்குக் கொடுத்துப் பாருங்கள். திரையில் வரும் பட்டியல்தான் அழியப்போகிற பட்டியல். சரியாக இருந்தால் மேல் அம்பை அழுத்தி, எல்எஸ்ஸை மட்டும் ஆர்எம் என்று மாற்றுங்கள். மூலத் தரவு இருக்கும் ஃபோல்டருக்கு 'சிஎச்மாட்' கட்டளையால் எழுதும் உரிமையை நீக்கிவிடுங்கள்; மைனஸ் பெரிய எழுத்து ஆர் தேர்வைக் கொடுத்தால் உள்ளே இருக்கும் கோப்புகளுக்கும் சேர்த்து நீங்கும். பிறகு அங்கே ஆர்எம் போனாலும் அழிக்க முடியாமல் திரும்பிவிடும். தரவு கைக்கு வந்த அன்றே செய்ய வேண்டிய வேலை இது.

கேள்வி: 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று வந்தது. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் 777 கொடுக்கச் சொன்னது. கொடுக்கலாமா?
— வேதியியல் ஆய்வாளர்

கொடுக்காதீர்கள். படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்றும் சேர்ந்தால் 7. முதல் எண் உங்களுக்கு, இரண்டாவது உங்கள் குழுவுக்கு, மூன்றாவது மற்ற எல்லோருக்கும். 777 என்றால் அந்தக் கணினியில் கணக்கு வைத்திருக்கும் யாரும் உங்கள் கோப்பை மாற்றலாம் என்று பொருள். பலர் பகிர்ந்துகொள்ளும் கணினியில் அது உங்கள் முடிவுகளின் நம்பகத்தன்மையையே கெடுக்கும். ஸ்கிரிப்ட்டை, அதாவது கட்டளைகளை எழுதி வைத்த கோப்பை, ஓட்ட முடியவில்லை என்றால் உங்களுக்கு மட்டும் இயக்கும் உரிமை போதும்: 700. தொலைவிலிருந்து பெரிய கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் ரகசியச் சாவி இருக்கும் கோப்புக்கு 600. அதை மற்றவர்கள் படிக்கும்படி விட்டால் எஸ்எஸ்எச் அந்தச் சாவியை ஏற்கவே மாட்டேன் என்று மறுத்துவிடும்.

அந்தச் செயலியிடம் கேட்பதில் தவறில்லை. அது தரும் ஒவ்வொரு தேர்வுக்கும் என்ன பொருள் என்று மேன் பக்கத்தில் பார்த்த பிறகே என்டரைத் தொடுங்கள். என்டர் அழுத்துவது நீங்கள்தான், அழிவது உங்கள் தரவுதான்.

கேள்வி: விம் என்ற எடிட்டரில் மாட்டிக்கொண்டேன். வெளியே வருவது எப்படி?
— பலர்

எஸ்கேப் விசை, முக்காற்புள்ளி, கியூ, ஆச்சரியக்குறி, என்டர். செய்த மாற்றம் சேமிக்கப்படாது. இப்போதைக்கு 'நானோ' என்ற எளிய எடிட்டரைப் பயன்படுத்துங்கள். வழி திரையின் அடியிலேயே எழுதியிருக்கும்.

கேள்வி: விண்டோஸில் எழுதிய ஸ்கிரிப்ட்டைப் பெரிய கணினிக்கு அனுப்பினேன். எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்கிறது. ஆனால் முதல் வரியிலேயே பிழை. '^எம்' என்று ஏதோ தெரிகிறது.
— புள்ளியியல் மாணவர்

கண்ணுக்குத் தெரியாத எழுத்து அது. விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு குறிகளை வைக்கும்: வரியின் தொடக்கத்துக்குத் திரும்பு, அடுத்த வரிக்கு இறங்கு. லினக்ஸுக்கு இரண்டாவது மட்டும் போதும். முதலாவதையும் பெயரின் ஒரு பகுதி என்று அது எடுத்துக்கொள்வதால், பாஷ் என்ற நிரலைத் தேடாமல் 'பாஷ்' பெயரோடு அந்தக் குறியும் ஒட்டிய ஏதோ ஒன்றைத் தேடுகிறது, கிடைக்கவில்லை. 'கேட்' கட்டளைக்கு மைனஸ் பெரிய எழுத்து ஏ தேர்வைக் கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு வரி முடிவிலும் அந்த ^எம் நிற்பது தெரியும். 'டாஸ்2யூனிக்ஸ்' என்ற கட்டளைக்குக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் நீங்கிவிடும்.

கேள்வி: தமிழ் உரைத்தொகுப்பு ஆய்வு செய்கிறேன். லினக்ஸில் எழுத்துகளை எண்ணினால் கணக்கு எங்கேயோ போகிறது. தேடினாலும் சில சொற்கள் சிக்குவதில்லை.
— மொழியியல் ஆய்வாளர்

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. தமிழ்த் தரவோடு உழைக்கிறவர்கள் இன்னும் நிறையப் பேர் இந்தப் பக்கம் வர வேண்டும்.

'தமிழ்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். நமக்கு மூன்று எழுத்து. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடின் கணக்கில் ஐந்து குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. அந்தக் குறிகளைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் என்பதால் மொத்தம் 15 பைட். 'டபிள்யூசி' கட்டளைக்கு மைனஸ் சி கொடுத்தால் பைட்டை எண்ணும். மைனஸ் எம் கொடுத்தால் குறிகளை எண்ணும். வரி முடிவுக்கு ஒன்று கூடுதலாக வரும். ஆக, கோப்பில் அந்தச் சொல் மட்டும் இருந்தால் 16 என்றும் 6 என்றும் விடை வரும். இரண்டுமே நாம் கேட்ட மூன்று அல்ல.

மூன்று வேண்டுமானால் கிரெப்பிடம் போக வேண்டும். மைனஸ் ஓ, அதோடு பெரிய எழுத்து பி. தேட வேண்டியது மேற்கோளுக்குள் பின்சாய்கோடும் பெரிய எழுத்து எக்ஸும். இது உயிர்க்குறியையும் புள்ளியையும் அவை ஒட்டியிருக்கும் எழுத்தோடு சேர்த்தே பிடித்து, வரிக்கு ஒன்றாகக் கொடுக்கும். டபிள்யூசி மைனஸ் எல் அந்த வரிகளை எண்ணும். இடைவெளி, காற்புள்ளி எல்லாவற்றையும் அது எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும் என்பதால் முன்பே நீக்கிவிடுங்கள். க்ஷ, ஸ்ரீ ஆகியவை இரண்டிரண்டாக விழும். உங்கள் ஆய்வில் அவற்றை ஒன்றாகக் கொள்வதா இல்லையா என்பதை முதலிலேயே தீர்மானித்து எழுதி வைத்துவிடுங்கள்.

தேடல் தவறுவதற்குக் காரணம் வேறு. 'கொ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒரே குறியாக, அல்லது எகரக் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக. திரையில் வித்தியாசம் தெரியாது. கிரெப்புக்கு அவை வேறு வேறு. வெவ்வேறு இடங்களிலிருந்து திரட்டிய தொகுப்பில் இரண்டும் கலந்தே இருக்கும். 'யூகான்வ்' கட்டளையில் 'என்எஃப்சி' என்ற மாற்றத்தைக் கொடுத்து முழுத் தொகுப்பையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகு தேடுங்கள். ஔகாரத்தை ஒகரமும் ளகரமும் சேர்த்துத் தட்டியிருந்தால் மட்டும் அது சரியாகாது. அதைத் தனியாகத் தேடித் திருத்த வேண்டும். பழைய டிஸ்கி குறியேற்றத்தில் இருக்கும் கோப்புகளை 'ஐகான்வ்' யூனிகோடுக்கு மாற்றித் தரும்.

கேள்வி: என் நிரல் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் யாரோ நிறுத்திவிட்டார்கள். 'லாகின் நோடில் ஓட்டக் கூடாது' என்று நிர்வாகியிடமிருந்து ஒரு மின்னஞ்சல். நான் என்ன தவறு செய்தேன்?
— பொறியியல் ஆய்வாளர்

நிறுத்தியவர் என்னைப் போன்ற ஒருவர்தான். அவர் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

நீங்கள் எஸ்எஸ்எச் வழியாக நுழைந்ததும் நிற்கும் இடம் லாகின் நோட். அது மருத்துவமனையின் வரவேற்பறை போன்றது. எல்லோரும் அதன் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அங்கே ஒருவர் கனமான கணக்கைப் போட்டால் மற்றவர்களுக்கு எல்எஸ்கூட நகராது. கணக்குப் போடுவதற்கென்று உள்ளே கம்ப்யூட் நோட்கள் இருக்கின்றன. யாருக்கு எது, எப்போது என்று பங்கிட ஒரு மென்பொருள் உண்டு. பல மையங்களில் அது 'ஸ்லர்ம்'. லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் தொடங்கி வளர்ந்தது.

ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, அதன் தலையில் எத்தனை பிராசசர், எவ்வளவு நினைவகம், எவ்வளவு நேரம் என்று குறிப்பிட்டு 'எஸ்பேட்ச்' கட்டளையிடம் கொடுக்க வேண்டும். வரிசையில் எங்கே நிற்கிறது என்று 'எஸ்கியூ' சொல்லும் (எஸ்ஸை அடுத்து, 'வரிசை' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் 'கியூ'வை முழுதாகத் தட்ட வேண்டும்). வேண்டாமென்றால் 'எஸ்கேன்சல்'. கொடுத்துவிட்டுக் கணினியை மூடிவிட்டுப் போகலாம். இணைப்பு அறுந்தாலும் வேலை நடக்கும்.

எல்லோரும் ஒரு விஷயத்தில் இடறுகிறார்கள். பாதுகாப்புக்கு என்று அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டு, ஏன் நாள் கணக்கில் காத்திருக்கிறது என்று வருத்தப்படுகிறார்கள். பெரிய வேலை ஒன்றுக்காக நோட்கள் காலியாகும் வரை நடுவில் சின்னச் சின்ன இடைவெளிகள் கிடைக்கும். அந்த இடைவெளியில் அடங்கும் வேலையை ஸ்லர்ம் முன்னாலேயே செருகிவிடும். நேரத்தைத் துல்லியமாகக் கேட்டவர்களுக்குத்தான் அந்த வாய்ப்பு. நேரத்தைக் குறைத்துக் கேட்டாலோ கெடு வந்ததும் வேலை வெட்டுப்படும். எனவே, தரவின் சிறு பகுதியை முதலில் ஓட்டுங்கள். உண்மையில் எவ்வளவு நினைவகமும் நேரமும் பிடித்தது என்று 'எஸ்ஏசிசிடி' காட்டும். அதை வைத்துக் கணக்கிட்டு, கொஞ்சம் கூட்டிக் கேளுங்கள்.

கேள்வி: நான் நெறியாளர். என் மாணவர்கள் எல்லாவற்றையும் லினக்ஸில்தான் செய்கிறார்கள். ஓசியில் கிடைக்கும் ஒன்றை நம்பலாமா? அவர்களைச் சரிபார்க்க நான் எவ்வளவு கற்றுக்கொள்ள வேண்டும்?
— பேராசிரியர்

நம்பலாம் ஐயா. ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை வெளியிட்டார். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டத்தின் கருவிகள் அதோடு சேர்ந்தன. உலகின் மிக வேகமான 500 கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் இருப்பவை எல்லாமே லினக்ஸில் ஓடுபவைதான். மூல நிரல் திறந்திருப்பதால், முடிவில் சந்தேகம் வந்தால் அடிவரை போய்ப் பார்க்கலாம். ஆய்வுக்கு அது பெரிய பலம்.

நீங்கள் தட்டக் கற்றுக்கொள்ள வேண்டியது கொஞ்சம்தான், கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள். சுட்டியால் சொடுக்கிச் செய்த வேலைக்கு எழுத்தில் தடயம் மிஞ்சுவதில்லை. டெர்மினலில் செய்த வேலை எழுத்தாகவே இருக்கிறது. ஆகவே, ஒவ்வொரு படத்துக்கும் அட்டவணைக்கும் "இதை உண்டாக்கிய ஸ்கிரிப்ட் எது?" என்று கேளுங்கள். மூலத் தரவு தொடப்படாமல் தனியாக இருக்கிறதா, மென்பொருள்களின் பதிப்பு எண்கள் குறிக்கப்பட்டிருக்கின்றனவா, ஸ்கிரிப்ட்டின் மாற்றங்கள், பதிப்புகளைக் குறித்து வைக்கும் 'கிட்'டில் பதிவாகின்றனவா என்று பாருங்கள். பிறகு இன்னொரு மாணவரை அழைத்து, அந்த ஸ்கிரிப்ட்டை அவர் கணக்கில் ஓட்டச் சொல்லுங்கள். அதே எண் வந்தால் கையெழுத்திடுங்கள். வராவிட்டால் இருவரையும் உங்கள் அறையில் உட்காரவைத்து, எந்த வரியில் பிரிகிறது என்று சேர்ந்து பாருங்கள். நீங்கள் லினக்ஸ் கற்கவும் அந்த உட்காரல் நல்ல வழி.

கேள்வி: பெரிய கணினியிலிருந்து முடிவுகளைக் கொண்டுவரும்போது பாதியில் இணைப்பு அறுந்துவிடுகிறது.
— வானியல் மாணவி

கணினிகளுக்கு இடையே கோப்பை நகலெடுக்கும் 'எஸ்சிபி' மீண்டும் முதலிலிருந்தே தொடங்கும். 'ஆர்சிங்க்' பயன்படுத்துங்கள், வந்து சேர்ந்த கோப்புகளை விட்டுவிட்டு மீதியை மட்டும் கொண்டுவரும். மைனஸ் பெரிய எழுத்து பி கொடுத்தால் பாதி வந்த கோப்பையும் தூக்கி எறியாமல் வைத்துக்கொள்ளும். வந்த பிறகு, கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து ஓர் எண்ணைக் கணக்கிடும் 'ஷா256சம்' கட்டளையை இரண்டு பக்கத்திலும் ஓட்டி ஒப்பிடுங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் மட்டும் அங்கே இருப்பதை அழிக்கலாம். ஸ்க்ராட்ச் பகுதியில் பழைய கோப்புகள் தானாக நீக்கப்படும் நாள் எது என்று உங்கள் மையத்தின் விதிகளில் இன்றே பார்த்துவிடுங்கள்.